விரதத்தில் நிற்கும் மனம் படிப்பில் ஏன் நிற்பதில்லை?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 30. பட்டர்வொர்த்தில் அம்மா, தங்கையோடு இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. காலை 7 முதல் இரவு 7 வரை நான்கு நாள், பிறகு இரண்டு நாள் ஓய்வு. இரவு 7 முதல் காலை 7 வரை நான்கு நாள், மறுபடி இரண்டு நாள் ஓய்வு. சூப்பர்வைசர் ஆவதற்கு டிப்ளோமா கேட்கிறார்கள் என்று பகுதிநேரமாக மேலாண்மை படிக்கச் சேர்ந்தேன். இந்தப் பருவத்தில் மூன்று பாடம் எடுத்தேன், ஒன்றும் நகரவில்லை. விடியற்காலை 5 மணிக்கு எழுந்து படிப்பதாக அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுவேன். மூன்று நாள் நடக்கும், நான்காம் நாள் நின்றுவிடும். கைப்பேசியைத் தொட்டால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கூப்பிட்டால் மறுப்பதில்லை, ஆனாலும் சேமிப்பு இல்லை. அம்மா என்னைச் சோம்பேறி என்கிறார். ஆனால் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் 48 நாள் விரதமிருந்து பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன், ஒரு வருடமும் தவறியதில்லை. அந்தக் கட்டுப்பாடு மற்ற நாளில் எங்கே போகிறது? இன்னும் மூன்று வாரத்தில் 2,000 சொல்லில் ஓர் அசைன்மென்ட் கொடுக்க வேண்டும்.

பதில்:

அன்புள்ள தம்பி,

மன உறுதியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். மலேசியத் தகுதி முகமையின் விதிப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 40 மணி நேரம். வகுப்பு, சொந்தப் படிப்பு, அசைன்மென்ட், தேர்வு எல்லாம் அதற்குள் அடக்கம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம் ஆகும். நீங்கள் எடுத்திருக்கும் மூன்று பாடமும் அப்படிப்பட்டவை என்றால் ஒரு பருவத்துக்கு 360 மணி நேரம் வேண்டும்.

உங்களிடம் எவ்வளவு இருக்கிறது? வேலை நாளில் 12 மணி நேரம் தொழிற்சாலையில் போகிறது. பினாங்குப் பாலம் கடந்து கம்பெனி பஸ்ஸில் போய்வர இரண்டு, இரண்டரை மணி நேரம். தூக்கத்துக்கு 7 மணி நேரம். மீதி இருக்கும் இரண்டரை, மூன்று மணி நேரத்தில்தான் குளியல், சாப்பாடு, அம்மாவிடம் நாலு வார்த்தை எல்லாம். அன்றைக்கு 20 நிமிடத்துக்கு மேல் படிப்புக்குக் கிடைக்காது. பகல் ஷிப்ட் முடிந்து வரும் ஓய்வு நாள் இரண்டிலும் நாளுக்கு 75 நிமிடமாக இரண்டு அமர்வு வைக்கலாம். இரவு ஷிப்ட் முடிந்து வரும் முதல் ஓய்வு நாள் உடம்பைத் தேற்றுவதற்கே போய்விடும். மாலையில் 45 நிமிடம் கிடைத்தால் அதிகம். இரண்டாம் நாள் மறுபடி 75 நிமிடம் இருமுறை. கூட்டிப் பார்த்தால் 12 நாளுக்கு 655 நிமிடம், அதாவது ஏறக்குறைய 11 மணி நேரம். 15 வாரப் பருவம் என்றால் 95 மணி நேரம் வரும். வகுப்பு நேரத்தையும் சேர்த்தால் அது ஒரு பாடத்துக்குச் சரியாக இருக்கும். இரண்டு பாடம் என்றால் வருடாந்திர விடுப்பைப் படிப்புக்கென்றே எடுக்க வேண்டியிருக்கும். மூன்று பாடம் இந்த வேலையோடு நடக்கவே நடக்காது, யாராக இருந்தாலும்.

ஆகவே முதல் வேலையாகப் பல்கலைக்கழகப் பதிவகத்தைக் கூப்பிட்டு, பாடத்தை விலக்கிக்கொள்ளக் கடைசித் தேதி எது, அதனால் கட்டணத்தில் என்ன ஆகும் என்று கேளுங்கள். முடிந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிப்ளோமா ஓரிரு வருடம் தாமதமாகும், அது உண்மைதான். ஆனால் மூன்றிலும் தவறி மறுபடி பணம் கட்டுவதை விட அது குறைந்த நாளில் முடியும். அம்மாவிடமும் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். சோம்பேறி என்று அவர் சொல்வது பெரும்பாலும் உங்கள் எதிர்காலத்தைப் பற்றிய பயம். மகன் யோசித்துத்தான் செய்கிறான் என்று தெரிந்தால் அது கொஞ்சம் அடங்கும்.

இனி 5 மணி விஷயம். பகல் ஷிப்டில் வீடு திரும்ப 8.15 ஆகிறது என்று வையுங்கள். எப்படி அவசரப்பட்டாலும் படுக்க 10.30 ஆகிவிடும். 5 மணிக்கு எழுந்தால் தூக்கம் ஆறரை மணி நேரம்; எழுந்ததும் பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரம் வேறு. மூன்று நாள் கடன் சேர்ந்து நான்காம் நாள் உடம்பு வசூல் செய்கிறது. இரவு ஷிப்டிலோ 5 மணிக்கு நீங்கள் மெஷின் பக்கத்தில் நிற்கிறீர்கள். இன்னொரு கோளாறும் உண்டு. சுவரில் ஒட்டும் அட்டவணை திங்கள், செவ்வாய் என்று ஏழு நாளுக்குப் போட்டது. உங்கள் ரோஸ்டரில் ஓய்வோ ஆறு நாளுக்கு ஒருமுறை திரும்புகிறது. இந்த வாரம் ஓய்வாக இருந்த சனிக்கிழமை அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ வேலை நாளாகிறது. அந்த அட்டவணை எப்படியும் உடையத்தான் செய்யும். வார நாள்காட்டியை மறந்துவிடுங்கள். ரோஸ்டர் தாளிலேயே பகல்-1, பகல்-2, ஓய்வு-1, ஓய்வு-2 என்று எழுதி, அதன் மேல் படிப்பைக் குறியுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது விரதம்தான். அதில் மன உறுதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த 48 நாளும் உங்களைத் தாங்கிப் பிடிப்பவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முடியும் நாள் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்பது முன்பே முடிவானது. தினமும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. வீட்டில் கவிச்சி சமைப்பதில்லை. கழுத்தில் மாலையும் நெற்றியில் திருநீறும் இருப்பதால் கேண்டீனில் நண்பர்கள் கோழியை நீட்டமாட்டார்கள். காலையும் மாலையும் குளித்து விளக்கேற்றுவது என்று நேரத்தோடு கட்டிய சிறு செயல் இருக்கிறது. மாலையைக் கழற்றிய மறுநாள் இவை எல்லாம் ஒன்றாகப் போய்விடுகின்றன. அவற்றின் மேல் நின்ற கட்டுப்பாடும் கூடவே போகிறது. உங்கள் படிப்புக்கு இந்தத் துணைகளில் ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹாஃப்மன் குழுவினர் 200-க்கும் மேற்பட்டோரிடம் சிறு கருவி கொடுத்து, ஒரு வாரம் அன்றாட ஆசைகளையும் அவற்றோடு நடந்த போராட்டத்தையும் பதிவு செய்யச் சொன்னார்கள். 2012-இல் வெளிவந்த முடிவின்படி, கட்டுப்பாடு மிகுந்தவர்கள் ஆசையோடு மல்லுக்கட்டியது மற்றவர்களை விடக் குறைவு. சபலம் எழும் இடத்தில் அவர்கள் அதிகம் நிற்பதில்லை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். மன உறுதி என்பது செலவழிந்து தீரும் சரக்கு என்று 1998 முதல் பரவிய கருத்தை 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது அதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் மன உறுதியை ஏற்றுவதாகச் சொல்லும் வீடியோக்களில் நேரத்தைப் போடாதீர்கள். ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

முதல் ஏற்பாடு, எப்போது, எங்கே, என்ன என்ற மூன்றும் அடங்கிய ஒரே வாக்கியம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் இதை விரிவாக எழுதினார். பிறகு 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் கணிசமாகவே இருந்தது. ‘நன்றாகப் படிப்பேன்’ என்பது அப்படிப்பட்ட வாக்கியமாகாது. உங்களுக்கு இரண்டு வேண்டும். பகல் ஷிப்டுக்கு: ‘வேலையிலிருந்து வந்து குளித்து உடை மாற்றியதும், சாப்பாட்டுக்கு முன், சமையலறை மேசையில் உட்கார்ந்து நேற்றைய பக்கத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுவேன்.’ இரவு ஷிப்டுக்கு: ‘மாலை தூங்கி எழுந்து, குளித்து, காபி குடித்ததும் அதே மேசையில் அதையே செய்வேன்.’ இரண்டிலும் கடிகார நேரம் இல்லை, குளியல்தான் அடையாளம். ஷிப்ட் மாறினாலும் குளியல் மாறாது. சாப்பாட்டுக்கு முன் என்று நான் சொல்வதற்குக் காரணம், 12 மணி நேரம் நின்ற உடம்பு வயிறு நிறைந்தபின் நாற்காலியில் நிற்காது.

வேலை நாளில் 20 நிமிடம் என்றால் 20 நிமிடமே. நன்றாக ஓடினாலும் முதல் இரண்டு சுற்றில், அதாவது 24 நாளைக்கு, நிறுத்திவிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். முதல் நாள் உற்சாகத்தில் இரண்டு மணி நேரம் படிப்பார்கள். மறுநாள் மேசையைப் பார்த்தாலே அந்த இரண்டு மணி நேர அலுப்பு நினைவுக்கு வரும், உட்கார மனம் வராது. அந்த 20 நிமிடத்தில் புதுப் பாடம் வேண்டாம். தாளை மூடி வைத்துவிட்டு, முந்தைய அமர்வில் படித்ததிலிருந்து ஐந்து கேள்விக்கு விடை எழுதுங்கள். பிறகு திறந்து தவறைத் திருத்துங்கள். ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்களை விட, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. களைத்த நேரத்துக்கு இந்த முறை இன்னொரு வகையிலும் பொருந்தும். வாசிப்பில் கண் ஓடும், மனம் தூங்கும். எழுதும்போது அப்படித் தூங்க முடியாது. புது அத்தியாயம், அசைன்மென்ட் எழுதுவது இரண்டையும் ஓய்வு நாளின் 75 நிமிட அமர்வுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியைப் பற்றி. பாடக் கையேடு அதற்குள் இருந்தால் நீங்கள் தோற்பது உறுதி. படிக்கத் திறப்பீர்கள், புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி வரும், அத்தோடு முடிந்தது. ஓர் அத்தியாயத்தை மட்டும் போட்டோஸ்டாட் கடையில் அச்செடுத்துக்கொள்ளுங்கள்; முழுக் கையேட்டையும் அச்செடுத்தால் கனத்தைப் பார்த்தே பயம் வரும். நேரம் பார்க்கத் தனியாக ஒரு மேசைக் கடிகாரம் வாங்குங்கள், ஏனென்றால் கைப்பேசியில் டைமர் வைத்தால் அதைத் தொட ஒரு சாக்கு கிடைக்கிறது. படிக்கும்போது கைப்பேசி தங்கையின் அறையில் சார்ஜில் இருக்கட்டும். ‘சைலண்ட்’ போட்டுப் பக்கத்தில் வைப்பது போதாது. வீடியோ செயலிகளிலிருந்து ஒவ்வொரு முறையும் வெளியேறிவிடுங்கள். மறுபடி கடவுச்சொல் தட்ட வேண்டிய அந்த அரை நிமிடச் சிரமமே பல தடவை கையை நிறுத்தும். விரத காலத்தில் வீட்டில் கவிச்சி இல்லாததற்கு ஈடான ஏற்பாடு இது.

ஓ.டி.க்கும் விதி முன்கூட்டியே இருக்கட்டும். சூப்பர்வைசர் கேட்கும் நிமிடத்தில் யோசித்தால் வாய் ‘சரி’ என்றுதான் சொல்லும். ‘12 நாளில் ஒரு ஓ.டி. மட்டும், அதுவும் இரவு ஷிப்டுக்குப் பின் வரும் இரண்டாம் ஓய்வு நாளில்’ என்று இன்றே முடிவு செய்து அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு ஓ.டி. இரண்டரை மணி நேரப் படிப்பைத் தின்னும் என்பது நினைவிருக்கட்டும். தேர்வுக்கு முந்தைய இரண்டு சுற்றில் அதுவும் வேண்டாம்.

தூக்கத்தை விட்டுவிட்டு இதில் எதுவும் நிலைக்காது. காபியில் உள்ள காஃபினில் பாதி உடலை விட்டு வெளியேற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. இரவு ஷிப்டில் 2 மணிக்குப் பிறகு காபியோ தே தாரிக்கோ வேண்டாம். குடித்தால் காலை 9 மணிக்குப் படுத்தாலும் தூக்கம் அரைகுறைதான். வீடு திரும்பும் வழியில் வெயில் முகத்தில் படாமல் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். அறைக்குக் கனத்த திரை போடுங்கள். நான்காவது இரவு முடிந்து வரும் காலையில் மட்டும் மூன்று, நான்கு மணி நேரம் தூங்கி எழுந்து, அன்றிரவு சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

விரதத்திலிருந்து எடுக்கக்கூடாத ஒன்றும் இருக்கிறது. விரதம் ஒரு நாள் முறிந்தால் முறிந்ததுதான். அந்த மனப்பாங்கைப் படிப்புக்குக் கொண்டுவந்தால் ஒரு நாள் தவறியதும், ‘முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு’ என்று மொத்தத்தையும் விட்டுவிடுவீர்கள். உங்கள் நான்காம் நாள் சரிவில் இதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்த ஆய்வு 2010-ஆம் ஆண்டு இதழில் வந்தது. ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் தக்கபடி 18 முதல் 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பலர் சொல்வதை நம்பி, 22-ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று தளர வேண்டாம். உங்கள் விதி இப்படி இருக்கட்டும்: ஒரு நாள் விடலாம், அடுத்தடுத்து இரண்டு நாள் விடக்கூடாது. தவறிய மறுநாள் 20 நிமிடத்தை 40 ஆக்கி ஈடுகட்டவும் கூடாது, அது தண்டனையாகிவிடும். மிகவும் முடியாத நாளில் மேசையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதிவிட்டு எழுந்துவிடுங்கள். ரோஸ்டரில் அதற்கும் ஒரு குறி போடலாம்.

விரதத்தில் ஊருக்கே தெரியும், படிப்பில் யாருக்கும் தெரியாது. ஒருவருக்காவது தெரிய வேண்டும். அம்மா வேண்டாம், கேட்கும் கேள்வி திட்டாக மாறிவிடும். ஒவ்வொரு ஓய்வு-2 அன்று இரவும் குறி போட்ட ரோஸ்டரைத் தங்கையிடம் காட்டுங்கள். அவர் பாராட்டவோ கண்டிக்கவோ வேண்டாம், பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

சேமிப்பை இப்போது படிப்போடு சேர்த்துப் போராடாதீர்கள். அதற்கு மன உறுதியே வேண்டியதில்லை. சம்பளத்தில் 11 விழுக்காடு சேமநிதிக்குப் போவதை நீங்கள் உணர்வதே இல்லை, கைக்கு வரும் முன்பே போய்விடுவதுதான் காரணம். அதேபோல் சம்பளம் வந்த மறுநாள் 100 வெள்ளி, ஏடிஎம் கார்டு இல்லாத இன்னொரு கணக்குக்குத் தானாக மாறும்படி வங்கியில் ஒருமுறை சொல்லிவையுங்கள்.

அசைன்மென்டுக்கு வருவோம். தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அந்த வேலை தரும் சங்கடத்திலிருந்து ஒதுங்குவதே அது. எந்த இடத்தில் கை நிற்கிறது என்று பாருங்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பலருக்கு அது ஆங்கிலத்தில் முதல் பத்தி எழுதும் இடமாக இருக்கிறது. அப்படியானால் முதலில் தமிழில் எழுதுங்கள், ஆசிரியருக்கு அது தெரியப்போவதில்லை. முதல் 75 நிமிடத்தில் கேள்வியையும் மதிப்பெண் பங்கீட்டையும் வாசித்து, என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் சொல்லில் மூன்று வரி எழுதுங்கள். இரண்டாவது அமர்வில் ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு குறிப்பு, உங்கள் தொழிற்சாலை வேலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. அடுத்த நான்கு அமர்வில் தலா 500 சொல். எழுதும்போது திருத்த வேண்டாம், முன்னுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் பட்டியலுக்கும் திருத்தத்துக்கும் ஓர் அமர்வு. மொத்தம் ஏழு. உங்கள் ரோஸ்டரில் மூன்று வாரத்துக்குள் ஏழு அமர்வு கிடைக்கும், ஓ.டி. போகாமல் இருந்தால்.

இதற்கு நடுவில் ஒரு கெடு வேண்டும். பிழைதிருத்தும் வேலையை மூன்று விதக் கெடுவோடு கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2002-இல் வந்தது. முடிவில் ஒரே கெடு இருந்தவர்கள்தான் மோசமாகச் செய்தார்கள். சம இடைவெளியில் கெடு வைக்கப்பட்டவர்கள் சிறப்பாகச் செய்தார்கள். கூடப் படிக்கும் ஒருவரிடம், இன்றிலிருந்து எட்டாம் நாள் தலைப்புகளையும், பதினாறாம் நாள் முழு நகலையும் அனுப்புவதாகச் சொல்லிவிடுங்கள். அவர் வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை.

இத்தனையும் செய்து இரண்டு சுற்று போன பிறகும் உட்கார முடியவில்லை என்றால், அல்லது இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமில்லாமல் மனம் கனத்தே இருந்தால், ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகினால், பெரிய குறட்டை இருந்தால், சிறு வயதிலிருந்தே எதையும் தொடர்ந்து கவனிக்க முடிந்ததில்லை என்றால், அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை உண்டு, அட்டவணையால் சரியாகாதவை. மனம் மிகச் சோர்ந்திருக்கும் நேரத்தில் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் பேசலாம்.

கெடுவுக்குள் முடியாது என்று பதினாறாம் நாள் தெரிந்தால், அன்றே ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். எத்தனை நாள் கூடுதலாக வேண்டும் என்பதைச் சொல்லி, எழுதிய வரையிலான நகலை இணைத்து அனுப்புங்கள். கெடு முடிந்த மறுநாள் வரும் மன்னிப்புக் கடிதத்தை விட, கையில் பாதி வேலையோடு முன்கூட்டியே கேட்பவருக்கு இசைவது ஆசிரியருக்கு எளிது.